கருணையும் நிரூபணமும்

(கடும் வைரஸ் நிமோனியாவுக்கு மருந்து தேடிய வரலாறு பற்றி மயிலாப்பூரில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வைரஸ் கிருமி நுரையீரலில் புகுந்து, ஒரு மூச்சை இழுத்து விடுவதற்கே போராட வேண்டிய நிலைக்கு மனிதனைக் கொண்டுவந்து நிறுத்துகிற கடுமையான நிமோனியாவுக்கு மருந்து தேடிய வரலாற்றைப் பற்றிப் பேசும்படி இந்தச் சபையார் என்னைப் பணித்திருக்கிறார்கள். மயிலாப்பூரிலும், தியாகராய நகரிலும், அடையாற்றிலும் குடியிருக்கும் நமக்கு இது புத்தகத்தில் மட்டும் படித்தறிந்த விஷயம் அன்று. கபாலீசுவரர் கோயிலின் அறுபத்துமூவர் வீதியுலா நிகழாமலே 2020-ஆம் ஆண்டின் பங்குனி கழிந்ததையும், ரங்கநாதன் தெரு ஆளரவமற்றுக் கிடந்ததையும், தகரம் அடிக்கப்பட்ட வாசல்களையும் நாம் எல்லோரும் கண்ணாரக் கண்டோம். உற்றாரிலோ அண்டை அயலாரிலோ ஒருவரையேனும் கொரோனாக் காய்ச்சலுக்குப் பறிகொடுக்காத குடும்பம் இந்தச் சபையில் அதிகம் இராது. ஆகையால், துக்கம் விசாரிக்க வந்தவனுக்குரிய மரியாதையோடு, அதே சமயம் உண்மையை மறைக்காமல் பேசக் கடமைப்பட்டிருக்கிறேன்.

உயிர் ஊசலாடும்போது எந்த மருந்தாயினும் கொடுத்துப் பார்ப்பதுதான் கருணை என்றும், அந்த வேளையில் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசுவது கல்நெஞ்சம் என்றும் நம்மில் பெரும்பாலோர் எண்ணுகிறோம். இந்த எண்ணம் அன்பிலிருந்து பிறப்பது. ஆகவே அதைப் பழிக்க நான் வரவில்லை. ஆனால் அது தவறானது என்பதே என் துணிபு. சென்ற சில ஆண்டுகளில் கடும் நிமோனியாவிலிருந்து மனித உயிர்களை மீட்ட புதிய சிகிச்சைகள் எவை எவை என்று கணக்கெடுத்தால், அவை ஒவ்வொன்றும் பொறுமையான, ஒழுங்கான, ஒப்புநோக்கிச் செய்த சோதனையின் வழியாகவே நம் கைக்கு வந்தன. அவசரத்தில் அள்ளிக் கொடுத்த மருந்துகளோ பெரும்பாலும் வீணாயின, சில தீங்கும் செய்தன. இதை எடுத்துக்காட்டுவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் நோயின் தன்மையைச் சற்றுத் தெரிந்துகொள்வோம். நம் நுரையீரலில் கோடிக்கணக்கான நுண்ணிய காற்றறைகள் இருக்கின்றன. அவற்றின் மெல்லிய சுவர்களினூடேதான் பிராணவாயு இரத்தத்தில் கலக்கிறது. வைரஸ் தொற்றிய முதல் சில நாட்களில் கிருமி பெருகுகிறது; காய்ச்சலும் இருமலும் உடம்பு வலியும் அப்போது தோன்றுகின்றன. பெரும்பாலோருக்கு அத்தோடு நோய் அடங்கிவிடுகிறது. சிலருக்கு மட்டும், கொரோனாவில் ஏறக்குறைய இரண்டாம் வாரத்தில், கிருமியின் பெருக்கம் குறைந்துவரும் காலத்திலேயே, உடம்பின் எதிர்ப்புச் சக்தி அளவு கடந்து கிளர்ந்தெழுந்து, காற்றறைகளில் நீரும் அழற்சியும் நிறையும்படி செய்துவிடுகிறது. திருடனைப் பிடிக்க வந்த காவலர்கள் அவன் ஓடிய பிறகும் வீட்டுச் சுவர்களை இடித்துக்கொண்டிருப்பதைப் போன்ற நிலை அது. ஆதலால், கிருமியைக் கொல்லும் மருந்து முதல் வாரத்தில் பயன்படலாம். இரண்டாம் வாரத்தில் அழற்சியைத் தணிக்கும் மருந்தே பயன்படக்கூடும். இந்தக் கால பேதத்தை இன்று நான் இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிட்டேன். இதை ஐயமற நிலைநாட்டுவதற்கு உலகம் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் துணையோடு உழைக்க வேண்டியிருந்தது.

இப்படிப்பட்ட காய்ச்சல் சென்னைக்குப் புதிதும் அன்று. 1957-ஆம் ஆண்டு மே மாதத்தின் நடுவில், சிங்கப்பூரிலிருந்து 'ராஜுலா' என்னும் கப்பல், காய்ச்சல் கண்ட பயணிகள் பலரோடு சென்னைத் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. ஆசிய இன்ஃப்ளூயன்சா என்று பெயர் பெற்ற அந்தப் பெருநோய் இந்தியாவுக்குள் நுழைந்த வாசல் நம்முடைய துறைமுகமே. அடுத்த பிப்ரவரிக்குள் நாடு முழுவதும் நாற்பத்து நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் காய்ச்சல் கண்டதாகவும், ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்ததாகவும் அரசாங்கப் பதிவுகள் கூறின. அன்றைய மருத்துவரின் கையில் இன்ஃப்ளூயன்சா வைரஸை எதிர்க்கும் மருந்து ஒன்றுகூட இல்லை. பின்னால் வந்து சேரும் பாக்டீரியா நிமோனியாவுக்குப் பெனிசிலின் போன்றவை உண்டு; மற்றபடி ஓய்வும் பணிவிடையும் பிராணவாயுவுமே சிகிச்சை.

ஆனால் அதே காலத்தில், அதே நகரத்தில், மருந்தை எப்படித் தேர்ந்தெடுப்பது என்கிற பெரிய பாடம் ஒன்று உலகத்துக்காக எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. 1956-ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து, சேத்துப்பட்டில் காசநோய் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தை நிறுவின. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் என்னும் ஆங்கிலேயர் அதன் முதல் ஆராய்ச்சியை முன்னின்று நடத்தினார். காசநோயாளிகளை நல்ல காற்றும் நல்ல உணவும் உள்ள சானடோரியத்தில் மாதக்கணக்கில் வைத்திருந்தால்தான் பிழைப்பார்கள் என்று உலகம் முழுவதும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. அந்த நம்பிக்கை உண்மையா என்று கேட்கும் துணிவு சேத்துப்பட்டில் பிறந்தது.

அவர்கள் செய்தது என்ன என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த ஏறக்குறைய இருநூறு நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். யாரைச் சானடோரியத்துக்கு அனுப்புவது, யாரை வீட்டிலேயே வைத்துப் பார்ப்பது என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கோ, நோயாளியின் சிபாரிசுக்கோ விட்டுவிடாமல், குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். இரு பிரிவினருக்கும் ஒரே மருந்துதான், ஓராண்டுச் சிகிச்சை. வீட்டில் இருந்தவர்கள் நெருக்கமான குடியிருப்புகளில், போதாத உணவோடு வாழ்ந்தவர்கள். நிலையத்தின் ஊழியர்கள் முன்னறிவிப்பின்றி அந்த வீடுகளுக்குச் சென்று, மிச்சமிருந்த மாத்திரைகளை எண்ணிப் பார்த்தார்கள். மருந்து உள்ளே போனதா என்று சிறுநீரைச் சோதித்தார்கள். 1959-இல் முடிவு வெளியாயிற்று. சானடோரியத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பேரும், வீட்டில் நூற்றுக்கு எண்பத்தாறு பேரும் நோய் அடங்கப் பெற்றிருந்தார்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டிலிருந்த நோயாளியால் குடும்பத்தாருக்கு அதிகமாக நோய் தொற்றவும் இல்லை. உலகெங்கும் சானடோரியங்களின் காலம் முடிவுக்கு வந்ததில் சேத்துப்பட்டின் இந்த ஆராய்ச்சிக்குப் பெரும் பங்கு உண்டு. பெரியோர்களின் வாக்கும் நெடுநாள் வழக்கமும் நிரூபணம் ஆகமாட்டா என்பதை நம் நகரத்தின் ஏழைகள்தாம் உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

இனி 2020-ஆம் ஆண்டுக்கு வருவோம். மார்ச் மாதம் 7-ஆம் தேதி தமிழ்நாட்டின் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். நம் அடையாற்றுக்கு அருகில், கிண்டியில் 1899 முதல் இயங்கிவரும் கிங் நிலையம் பரிசோதனைகளின் மையமாயிற்று. மருத்துவர்கள் தங்கள் உயிரையும் பொருட்படுத்தாமல் உழைத்தார்கள்; ஆனால் எந்த மருந்தைக் கொடுப்பது என்று அறிந்தவர் உலகில் எவரும் இலர். மலேரியாவுக்கும் மூட்டுவாதத்துக்கும் கொடுக்கிற ஹைட்ராக்சிகுளோரோகுயின் நல்லது என்று ஒரு பேச்சு எழுந்தது. உடனே பல நாடுகளில் அது மருந்துக் கடைகளிலிருந்து மறைந்தது. எய்ட்ஸ் நோய்க்குரிய லோபினாவிர், வேறு வைரஸ்களுக்காக ஆராயப்பட்ட ரெம்டெசிவிர், இன்டர்ஃபெரான் என்று பட்டியல் நீண்டது. கொரோனாவில் பத்தில் எட்டுக்கு மேற்பட்டோர் எந்த விசேஷ மருந்தும் இல்லாமலே பிழைத்துவிடுகிறவர்கள். ஆகவே அவர்களுக்கு எதைக் கொடுத்திருந்தாலும், அதனாலேயே பிழைத்தோம் என்று அவர்கள் நன்றியோடு நம்புவது இயற்கை. இப்படித்தான் பயனற்ற மருந்துக்குப் புகழ் சேருகிறது. அனுபவம் என்பது அரிய பொருள்தான். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு பிரிவு இல்லாத அனுபவம் மனிதனை எளிதில் மயக்கிவிடும்.

அந்த ஆண்டு உலகத்தில் இரண்டு பெரிய சோதனைகள் நடந்தன. ஒன்று, உலக சுகாதார நிறுவனம் நடத்திய 'சாலிடாரிட்டி'. சேத்துப்பட்டு நிலையத்தின் இயக்குநராக முன்னர் இருந்த டாக்டர் சௌமியா சுவாமிநாதன் அப்போது அந்நிறுவனத்தின் தலைமை விஞ்ஞானியாக இருந்தார் என்பதைச் சென்னைவாசிகள் பெருமிதத்தோடு நினைக்கலாம். முப்பது நாடுகளில், நானூறுக்கு மேற்பட்ட மருத்துவமனைகளில், பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் அதில் பங்குகொண்டார்கள். நம் நாடும் சேர்ந்தது. நான் சற்று முன் சொன்ன நான்கு மருந்துகளுமே, மருத்துவமனையில் சேர்ந்த நோயாளிகளின் மரணத்தைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை என்று 2020 அக்டோபரில் அது தெரிவித்தது.

மற்றொன்று, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்கள் பீட்டர் ஹார்பியும் மார்ட்டின் லாண்ட்ரேயும் நடத்திய 'ரெக்கவரி' சோதனை. 2020 ஜூன் 16-ஆம் தேதி அவர்கள் அறிவித்த செய்தி அந்த நோயில் மருத்துவ உலகம் கேட்ட பெரிய நற்செய்தி. டெக்சாமெத்தசோன் என்பது 1950-களின் பிற்பகுதியிலிருந்து உள்ள பழைய ஸ்டீராய்டு. எந்த ஊர் மருந்துக் கடையிலும் சில ரூபாய்க்குக் கிடைப்பது. அதை நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் வீதம் பத்து நாள் வரை கொடுத்ததில், செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தவர்களின் இறப்பு நூற்றுக்கு 41-இலிருந்து 29 ஆகக் குறைந்தது. பிராணவாயு மட்டும் பெற்றுவந்தவர்களுக்கும் இறப்பு ஐந்தில் ஒரு பங்களவு குறைந்தது. ஆனால் பிராணவாயுவே தேவைப்படாத நோயாளிகளுக்கு எந்த நன்மையும் காணப்படவில்லை. தீமையே இருக்கலாம் என்ற அறிகுறி தென்பட்டது. ஒரே மருந்து ஒருவனுக்கு அமுதமாகவும் மற்றொருவனுக்கு நஞ்சாகவும் ஆகக்கூடும் என்பதை எந்த மேதையின் ஊகமும் இவ்வளவு துல்லியமாகச் சொல்லியிருக்க முடியாது. வைரஸ் நோயில் ஸ்டீராய்டு கூடாது என்றே அதுவரை பலர் வாதித்தார்கள்; கொடுத்தே தீரவேண்டும் என்றும் சிலர் வாதித்தார்கள். இரு தரப்பாரும் கற்றறிந்தவர்களே. வழக்கைத் தீர்த்தது ஆறாயிரத்துச் சொச்சம் நோயாளிகளின் சம்மதம்.

இந்தியாவும் சும்மா இருக்கவில்லை. குணமடைந்தவர்களின் இரத்தத்திலிருந்து பிளாஸ்மாவைப் பிரித்து நோயாளிக்குச் செலுத்தினால் பிழைப்பார்கள் என்கிற நம்பிக்கை நாடெங்கும் பரவியிருந்தபோது, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளைக் கொண்டு 'பிளாசிட்' என்னும் சோதனையை நடத்தியது. பிளாஸ்மா பெற்றவர்களில் நூற்றுக்குப் பத்தொன்பது பேருக்கும், பெறாதவர்களில் நூற்றுக்குப் பதினெட்டு பேருக்கும் நோய் முற்றியது அல்லது மரணம் நேர்ந்தது. அதாவது பிளாஸ்மாவால் பயன் இல்லை. 2020 அக்டோபரில் இந்த முடிவு உலகப் புகழ்பெற்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியாயிற்று. நம் நாட்டார் நம் நாட்டு நோயாளிகளிடம் நேர்மையாகச் செய்து, தமக்கே ஏமாற்றமான முடிவையும் மறைக்காமல் வெளியிட்ட அந்த ஆராய்ச்சியை நான் மிகவும் மதிக்கிறேன். பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்ட 'ரெக்கவரி' சோதனையும் பிறகு அதே முடிவுக்கு வந்தது. ஆயினும், 2021 ஏப்ரல், மே மாதங்களில், இன்ன இரத்தப் பிரிவுப் பிளாஸ்மா வேண்டும் என்கிற கெஞ்சல்கள் இரவும் பகலும் நம் கைபேசிகளை நிறைத்ததை நாம் மறக்கவில்லை. அரசாங்கத்தின் சிகிச்சை வழிகாட்டியிலிருந்து பிளாஸ்மா நீக்கப்பட்டது அந்த மே மாதம் 17-ஆம் தேதிதான். நிரூபணம் வந்த பிறகும் அதை ஏற்றுக்கொள்ள ஏழு மாதங்கள் கடந்தன.

ரெம்டெசிவிரின் கதையோ இன்னும் துயரமானது. 2021 ஏப்ரல் இறுதியில், கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் அரசு நியாய விலைக்கு அந்த மருந்தை விற்கத் தொடங்கியது. மருத்துவரின் சீட்டு, பரிசோதனை முடிவு, சி.டி. ஸ்கேன் அறிக்கை, ஆதார் நகல் ஆகிய இத்தனை காகிதங்களையும் பிளாஸ்டிக் உறையில் பத்திரப்படுத்திக்கொண்டு, வெளி மாவட்டங்களிலிருந்தும் பிள்ளைகளும் சகோதரர்களும் வந்து, கத்திரி வெயிலில் பூந்தமல்லி நெடுஞ்சாலையோரம் காத்து நின்றார்கள். இரவில் நடைபாதையிலேயே படுத்தார்கள். கூட்டம் தாங்காமல் மே நடுவில் விற்பனை நேரு விளையாட்டரங்குக்கு மாற்றப்பட்டு, இரண்டொரு நாளில் அதுவும் நிறுத்தப்பட்டு, மருத்துவமனைகளுக்கே நேரடியாக வழங்கும் ஏற்பாடு வந்தது. அந்த வரிசையில் நின்ற ஒவ்வொருவரும் தம் தந்தையின் உயிரோ தாயின் உயிரோ அந்தக் குப்பியில் அடங்கியிருப்பதாக நம்பினார்கள். ஆனால் மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கு அதைக் கொடுக்க வேண்டாம் என்று முந்திய நவம்பரிலேயே உலக சுகாதார நிறுவனம் கருத்துத் தெரிவித்திருந்தது. பின்னாளில் வந்த முழு முடிவுகளின்படி, சுவாசக் கருவியில் இருப்பவர்களுக்கு அதனால் பயனில்லை. பிராணவாயு மட்டும் பெறுவோருக்குச் சிறிதளவு நன்மை உண்டு. நோயின் முதல் நாட்களில், ஆபத்து மிகுந்தோருக்குக் கொடுத்தால் நல்ல பலன் உண்டு. அந்த மருந்தை வெறும் ஏமாற்று என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. தவறான வேளையில், தவறான நோயாளிக்கு, அளவற்ற எதிர்பார்ப்போடு அது தேடப்பட்டது என்பதே உண்மை.

மருந்து என்றால் குப்பியும் ஊசியும் மட்டுமே என்று எண்ணிவிடக் கூடாது. சுவாசக் கருவியால் காற்றைப் பலமாகச் செலுத்துவதைவிட, உடலுக்குரிய எடையில் கிலோவுக்கு 6 மில்லிலிட்டர் வீதம் மென்மையாகச் செலுத்தினால் இறப்பு நூற்றுக்கு 40-இலிருந்து 31 ஆகக் குறைகிறது என்பதை அமெரிக்கச் சோதனை ஒன்று 2000-ஆம் ஆண்டில் நிலைநாட்டியது. சுவாசக் கருவியில் உள்ள கடும் நோயாளியை நாள்தோறும் பல மணி நேரம் குப்புறப் படுக்கவைத்தால் இறப்பு பாதியளவு குறைகிறது என்று 2013-இல் பிரெஞ்சு மருத்துவர்கள் காட்டினார்கள். நம் அரசு மருத்துவமனை வார்டுகளில், "அம்மா, கொஞ்சம் குப்புறப் படுங்கம்மா" என்று ஒவ்வொரு படுக்கையாகச் சென்று, கனத்த கவச உடைக்குள் வியர்வை வழியச் சொல்லிக்கொண்டிருந்த செவிலியர்கள், எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைக்காத உயர்ந்த சிகிச்சையைச் செய்துகொண்டிருந்தார்கள். தடையில்லாத பிராணவாயுவும், தேர்ந்த செவிலியரும், உரிய நேரத்தில் உரிய அளவு ஸ்டீராய்டும் காப்பாற்றிய உயிர்களோடு ஒப்பிட்டால், அரிய மருந்துகள் காப்பாற்றியவை சொற்பமே.

அளவு என்றேன். அதையும் வற்புறுத்திச் சொல்ல வேண்டும். ஆறு மில்லிகிராம் நல்லது என்றால் இருபது இன்னும் நல்லதாக இருக்கும் என்று கருதியவர்கள் உண்டு. சுவாசக் கருவியின் உதவி தேவைப்படாமல் எளிய பிராணவாயு மட்டும் பெறும் நோயாளிகளுக்கு மிகுந்த அளவு கொடுத்ததில், இறப்பு நூற்றுக்கு 12-இலிருந்து 19 ஆக உயர்ந்தது என்று 2023-இல் வெளியான 'ரெக்கவரி' முடிவு சொல்கிறது. சர்க்கரை வியாதி மலிந்த நம் நாட்டில், கட்டுப்பாடில்லாத ஸ்டீராய்டுப் பிரயோகமும் கட்டுக்கடங்காத சர்க்கரையும் சேர்ந்தபோது, 2021-இல் கருப்புப் பூஞ்சை நோய் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்துப் பலருடைய கண்ணையும் உயிரையும் கொண்டுபோயிற்று. கருணை அளவு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை வேண்டியதில்லை.

கபசுரக் குடிநீர் என்னும் சித்த மருந்தைப் பற்றிச் சொல்லாமல் போனால் தமிழ்ச் சபையில் பேசியதாகாது. சித்த வைத்தியம் நம் முன்னோரின் அரிய செல்வம். அதை இகழ்வது எனக்கு உடன்பாடன்று. ஆனால் அதை உண்மையாக மதிக்கும் வழி, ஆக்ஸ்ஃபோர்டு சோதித்த மருந்தை எந்தத் தராசில் நிறுத்தோமோ அதே தராசில் அதையும் நிறுத்துப் பார்ப்பதுதான். தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. சேத்துப்பட்டில் சோதனைக் கலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். இருவரும் சேர்ந்து, பெரிய அளவில், கண்டிப்பான முறையில் ஆராய்ந்து, வென்றாலும் தோற்றாலும் வெளியிட வேண்டும். நம்முடையது என்கிற அபிமானம் எந்த மருந்துக்கும் தேர்விலிருந்து விலக்கு அளிக்காது.

"என் தகப்பனாரின் உயிரைக் குலுக்கலுக்கு விடுவதா?" என்று ஒரு மகன் கேட்டால் அதற்கு என்ன விடை? நியாயமான கேள்வி, நேராகவே விடை சொல்ல வேண்டும். சோதனையில் சேருகிறவர் யாராயினும் அன்றைக்குத் தெரிந்த மிக நல்ல சிகிச்சையைப் பெற்றே தீருவார். அதற்கு மேல் கொடுக்கும் புதிய மருந்து நன்மை செய்யுமா, தீமை செய்யுமா என்பது எவருக்கும் தெரியாத நிலையில்தான் குலுக்கல் நடைபெறுகிறது. பிளாஸ்மாவும் ஹைட்ராக்சிகுளோரோகுயினும் கிடைக்காத பிரிவில் விழுந்தவர்கள் எதையும் இழக்கவில்லை. நெறிமுறைக் குழுவின் அனுமதியும், நோயாளியின் எழுத்துச் சம்மதமும், தீங்கு நேர்ந்தால் இழப்பீடும் 2019-ஆம் ஆண்டு விதிகளின்படி நம் நாட்டில் கட்டாயம். எந்தச் சோதனையும் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் முன்கூட்டியே பதியப்பட வேண்டும்; அதை யாரும் பார்க்கலாம். இந்தக் காவல்கள் ஏட்டில் மட்டும் நில்லாமல் நடைமுறையில் இருக்கின்றனவா என்று கேட்பது நம் உரிமை, கடமையும் ஆகும்.

இன்னும் விடை காணாத கேள்விகள் பல உள. மருத்துவமனைக்கு வெளியே தொற்றிய கடும் நிமோனியாவில் ஹைட்ரோகார்ட்டிசோன் என்னும் ஸ்டீராய்டு உயிர் காக்கும் என்று 2023-இல் பிரான்சு நாட்டுச் சோதனை காட்டியது. ஆனால் இன்ஃப்ளூயன்சா நிமோனியாவில் ஸ்டீராய்டு நன்மை செய்யுமா என்பது இன்னும் தீராத வழக்கு. ஆண்டுதோறும் மழைக்காலத்தில் அந்த நோயாளிகள் நம் மருத்துவமனைகளுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். 2022 ஜனவரியில் ஒரே நாளில் பதினொரு புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளைத் திறந்த மாநிலம் நம்முடையது. அத்தனை கல்லூரிகளையும் ஒரே வலையாகப் பிணைத்து, கடும் நிமோனியாவுக்கான நிரந்தரச் சோதனை அமைப்பு ஒன்றை அமைதிக் காலத்திலேயே நிறுவிவிட்டால், அடுத்த பெருநோய் வரும் நாளில் முதல் நோயாளியிடமிருந்தே நாம் கற்கத் தொடங்கலாம். இதை அரசாங்கத்திடம் கேட்க வேண்டியவர்கள் நாம்.

உங்களிடம் நான் வேண்டுவது ஒன்றுதான். வீட்டில் ஒருவருக்கு மூச்சுத் திணறல் கண்டால், கேள்விப்பட்ட மருந்தைத் தேடி ஓடாதீர்கள். பிராணவாயு உள்ள மருத்துவமனைக்கு நேரத்தோடு கொண்டுசெல்லுங்கள். அங்கே மருத்துவர், "இது சோதனையில் உள்ள சிகிச்சை, சேர விரும்புகிறீர்களா?" என்று கேட்டால், மனத்தில் எழும் கேள்விகளையெல்லாம் தயங்காமல் கேளுங்கள், விடை திருப்தியளித்தால் கையெழுத்திடுங்கள். 1956-இல் சேத்துப்பட்டின் ஏழை நோயாளிகள் நமக்காகச் செய்ததை, வரப்போகிறவர்களுக்காக நாமும் செய்வோம்.